கடல்நீர் எடுக்கும் வாயை எது அடைக்கிறது? அணுமின் நிலையங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஆகஸ்ட்டில் பிரான்ஸின் கிராவ்லின் நிலையத்தில் ஒரே இரவில் நான்கு அணு உலைகள் தானாகவே நின்றன. மீதி இரண்டு ஏற்கெனவே பராமரிப்பில் இருந்ததால் மொத்த நிலையமும் முடங்கியது. காரணம், குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் வாயின் சல்லடைகளை அடைத்த சொறிமீன் கூட்டம், அதாவது ஜெல்லி மீன்கள்.

கடல் குப்பை என்றாலே பிளாஸ்டிக், கட்டை, அறுந்த வலை என்று நினைப்பதுதான் முதல் தவறு. அதெல்லாம் வரும், ஆனால் உலையை நிறுத்துகிற அளவுக்கு மொத்தமாக வருவது பெரும்பாலும் உயிருள்ளவைதான். 2011-இல் ஸ்காட்லாந்தின் டார்னஸிலும் 2013-இல் ஸ்வீடனின் ஆஸ்கர்ஸ்ஹாமிலும் ஜெல்லி, 2021-இல் தென்கொரியாவின் ஹனூலில் ஜெல்லி போலவே இருக்கும் சால்ப் என்ற உயிரி, அதுவும் அடுத்தடுத்த மாதங்களில் இரண்டு முறை.

சரி, சல்லடைக் கண்ணை இன்னும் சின்னதாக்கினால் போதாதா என்று கேட்பார்கள். கண் சின்னதாக ஆக அடைப்பும் சீக்கிரம் வரும். மழைக்கால வடிகால் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், ஜெல்லியும் அப்படித்தான், நீர் இழுக்கிற வேகத்தில் தட்டையாகி வலையோடு அப்பிக்கொள்கிறது, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் இன்னொன்று. பம்ப் மட்டும் அதே வேகத்தில் இழுத்துக்கொண்டே இருப்பதால் சல்லடைக்கு உள்பக்கம் நீர்மட்டம் இறங்கும், இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் கூடும், அந்த அழுத்தம் தாங்காமல் சல்லடை வளைந்தால் அத்தனையும் உள்ளே போய்விடும். அதனால் கவனிக்க வேண்டியது இந்த நீர்மட்ட வித்தியாசத்தைத்தான். சல்லடையைக் கழுவித் தள்ளிய கழிவை வாய்க்குப் பக்கத்திலேயே கடலில் விடுவதும் பெரிய தப்பு, நீரோட்டம் அதைத் திருப்பிக் கொண்டுவந்து அதே சல்லடையில் சேர்க்கும்.

எனக்கு ரொம்பவும் கவலை தருவது, உற்பத்தி குறையுமே என்று பம்பைக் குறைக்கத் தயங்குவது. நேரத்தோடு சில பம்புகளை நிறுத்தினால் இழுப்பு வேகம் குறையும், வந்து ஒட்டுவதும் குறையும், உலைப் பாதுகாப்புக்கான நீருக்கு வழி மிஞ்சும். உலையை நிறுத்திவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கிடையாது, நின்ற கணத்திலும் முழுத்திறனில் சுமார் 6 சதவீத வெப்பம் அதில் வந்துகொண்டிருக்கும், பிறகுதான் மெல்லக் குறையும். 2009 டிசம்பரில் பிரான்ஸின் க்ரூவாஸில் ரோன் ஆற்றில் அடித்துவந்த செடிகொடிகள் நான்காவது உலைக்கான குளிர்நீரை ஏறக்குறைய 10 மணி நேரம் தடுத்துவிட்டன. அது கடல் இல்லை, ஆறுதான், ஆனால் பாடம் ஒன்றுதான்.

அப்புறம், வெளியிலிருந்து வருவதை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே வளர்வதை மறப்பது. கல்பாக்கத்தில் கடல்நீர் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாக வருகிறது. பச்சை ஆளி என்ற சிப்பி, பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு ஆகியவற்றின் இளம் உயிரிகள் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னவை, எந்தச் சல்லடையும் அவற்றை நிறுத்தாது, உள்ளே போய்ச் சுவரில் ஒட்டி வளரும். அதற்குத்தான் குளோரின். அதை இடைவெளி விட்டுப் போட்டால் வளர்ந்த ஆளி தன் ஓட்டை மூடிக்கொண்டு, குளோரின் போகும்வரை காத்திருந்து, மறுபடி திறந்துகொள்ளும். வளரவிட்டுப் பிறகு மொத்தமாகக் கொல்லவும் கூடாது, செத்த ஓடுகள் கழன்று, நீராவியைக் குளிர்விக்கும் கண்டென்சர் குழாய்களுக்குப் போய்ச் சேரும். குஞ்சு ஒட்டும் பருவத்திலேயே குறைந்த அளவில் தொடர்ந்து விடுவதுதான் பயன் தரும். அளவு மீறினால் வெளியேறும் நீரில் மற்ற உயிர்கள் சாகும், அதையும் தினமும் அளக்க வேண்டும்.

கடைசியாக, கரையோர மீனவர்களைக் கேட்காமல் இருப்பது. வலையில் சொறி ஏறுவது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். நிலையத்துக்கும் மீனவர் ஊர்களுக்கும் நடுவே ஒரு தொலைபேசி எண் இருக்க வேண்டும், அழைப்பு வந்த அன்றே சல்லடை கழுவும் நீர்ப்பீச்சிகளைச் சோதித்து, சல்லடைப் பக்கம் இரவு வேலைக்குக் கூடுதல் ஆள் போட்டுவிட வேண்டும்.