கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தரவரிசைப் பட்டியலில்தான் தொடங்குகிறது. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. மாணவருக்கு எதில் ஈடுபாடு, எப்படிக் கற்றால் பாடம் மனத்தில் நிற்கும், படித்து முடித்துவிட்டு என்ன செய்ய நினைக்கிறார் என்று கேட்பதற்கு முன்பே, 'அந்தக் கல்லூரி எத்தனையாவது இடம்?' என்ற கேள்வி முந்திக்கொள்கிறது.

அந்த எண் எதை அளக்கிறது என்று பாருங்கள். உலக அளவில் பெயர்பெற்ற க்யூஎஸ் தரவரிசையில், கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயருக்கும் ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்படும் அளவுக்கும் பெரும் பங்கு உண்டு. முதலாண்டு மாணவரின் சந்தேகத்தை யார் பொறுமையாகத் தீர்த்துவைக்கிறார் என்பது அதில் தெரியாது. தரவுகளே தவறாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் தரவரிசைக்காகத் தந்த புள்ளிவிவரங்களை 2022இல் அங்குள்ள கணிதப் பேராசிரியர் ஒருவரே கேள்விக்குள்ளாக்கினார். யூ.எஸ். நியூஸ் என்ற அமெரிக்க ஊடகம் வெளியிடும் கல்லூரிப் பட்டியலில் 2ஆம் இடத்தில் இருந்த அந்தப் பல்கலைக்கழகம் அதே ஆண்டு 18ஆம் இடத்துக்கு இறங்கியது.

பெரிய பெயர் இருந்தால்தான் நல்ல சம்பளம் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பொருளியலாளர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, கடும் போட்டியுள்ள கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரியில் சேர்ந்தவர்களைக் கவனித்தது. பின்னாளில் அவர்களும், கடும் போட்டியுள்ள கல்லூரியிலேயே படித்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர்பெற்ற கல்லூரி கூடுதல் பலன் தந்தது. நீங்கள் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவர் என்றால், கிடைத்த நல்ல இடத்தை எளிதில் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொரு தவறு: தன் இயல்பைத் தவறாகக் கணிப்பது. கூச்ச சுபாவமுள்ள மாணவர், நூற்றுக்கணக்கானோர் அமரும் வகுப்பில் யாரும் தன்னைக் கவனிக்க மாட்டார்கள் என்று பெரிய வளாகத்தைத் தேர்ந்தெடுக்கிறார். ஓர் ஆசிரியருக்கும் தன் பெயர் தெரியாமலேயே பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார். அவருக்குத் தேவைப்பட்டது, இருபது பேர் சுற்றி அமர்ந்து பேசும் வகுப்பு. கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனமும் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகமும் 2014இல் 30,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பட்டதாரிகளிடம் கேட்டறிந்தபோது, தங்கள்மீது அக்கறை காட்டிய, வழிகாட்டிய ஆசிரியர் இருந்ததாகச் சொன்னவர்களே வேலையில் அதிக ஈடுபாட்டோடு இருந்தார்கள். எந்த வகைக் கல்லூரி என்பது அந்த அளவுக்கு வேறுபாடு காட்டவில்லை.

இயல்பை அறிய இணையத்தில் கிடைக்கும் ஆளுமைச் சோதனைகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். சில வாரங்கள் கழித்து மறுபடி செய்து பார்த்தால் பலருக்கு வேறு விடை வருகிறது. பள்ளியில் எந்த வேலையை யாரும் சொல்லாமலேயே இழுத்துப்போட்டுச் செய்தீர்கள், எதைக் கடைசி நாள்வரை தள்ளிவைத்தீர்கள் என்று யோசியுங்கள். அது உங்களைப் பற்றி அதைவிட உண்மையாகச் சொல்லும்.

பதினேழு, பதினெட்டு வயதில் வைத்த இலக்கு மாறவே மாறாது என்று எண்ணுவதும் தவறுதான். முதலாண்டு முடிந்தபின் துறை மாற இடமுண்டா, வேறு துறைப் பாடங்களை எடுக்க முடியுமா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். நண்பர்கள் சேருகிறார்கள் என்பதற்காகச் சேருவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய இலக்கு உங்களுடையது அல்ல.

விளம்பரங்களில் வரும் 'அதிகபட்சச் சம்பளம்' ஒரே ஒரு மாணவருடையதாக இருக்கலாம். அந்த ஒருவர் சராசரியையும் உயர்த்திவிடுவார். ஆகவே இடைநிலைச் சம்பளத்தை, அதாவது எல்லோருடைய சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளத்தைக் கேளுங்கள். அதோடு, உங்கள் துறையில் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலை பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். செலவைக் கணக்கிடும்போது முதலாண்டுக் கட்டணத்தோடு நின்றுவிடாமல், விடுதி, தேர்வுக் கட்டணம், கடனுக்கான வட்டி எல்லாவற்றையும் படிப்பு முடியும்வரை கூட்டிப் பாருங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போவதென்றால் விழா நாளில் போகாதீர்கள். சாதாரண வேலைநாளில், வகுப்புகள் முடியும் நேரத்தில் போங்கள். நூலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இறுதியாண்டு மாணவர் இரண்டு மூன்று பேரிடம், 'பாடம் புரியாதபோது யாரிடம் போவீர்கள்?' என்று கேளுங்கள். அவர்கள் தயங்காமல் ஓர் ஆசிரியரின் பெயரைச் சொன்னால், அந்தக் கல்லூரியை உங்கள் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம்.