தேத்தண்ணிக் கடையைக் காலையில் நடத்துவது எப்படி?

மட்டக்களப்பில் ஊர்க்கடை ஒன்றின் பெயர் விடிய ஐந்தரைக்கும் எட்டரைக்கும் இடையில்தான் எடுபடும், அல்லது கெடும். மீன் எடுக்கப் போகிறவர், ஓட்டோக்காரர், பஸ்ஸுக்கு நிற்கிற ரீச்சர் எல்லோருக்கும் ஒரே அவசரம்.

முதலில் சாயம். ஒரு லீற்றர் கொதிதண்ணிக்கு 40 கிராம் டஸ்ட் தேயிலை. வடிதுணிக்குள் தூளைப் போட்டு, தண்ணியை ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். சாயத்தை அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் கைப்பு ஏறும். பிறகு அதை மறைக்கச் சீனியைக் கொட்ட வேண்டிவரும். அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்ற சாயத்தை வெளியே ஊற்றிவிடுங்கள். பழைய சக்கைக்கு மேலேயே புதுத்தூள் போடுவது பல கடைகளைப் பிடித்த வியாதி: நிறம் வரும், வாசம் வராது. தேத்தண்ணியின் மேல் மங்கலாக ஆடை மிதந்தால் தூளைக் குறை சொல்லாதீர்கள், தண்ணி வன்னீர், சுண்ணாம்புச்சத்துக் கூடின தண்ணி. வாவிக்கரைக் கிணறுகளில் உவரும் சேரும்; குழாய்த்தண்ணி நல்லது.

பால்மாவைக் கொதிதண்ணியில் நேரே கொட்டினால் கட்டி பிடிக்கும். 120 கிராமை இளஞ்சூட்டுத் தண்ணியில் கூழாகக் கரைத்து, பிறகு ஒரு லீற்றர் ஆக்குங்கள். கிளாசுக்கு 60 மில்லி சாயம், 90 மில்லி பால், இரண்டு தேக்கரண்டி சீனி. மூன்று தரம் இழுத்து ஆற்றினால் போதும். நுரைக்காக ஆறேழு தரம் இழுப்பது பார்க்க வடிவு, குடிக்க ஆறிப்போயிருக்கும்.

பசுப்பாலில் பச்சை இஞ்சி பட்டால் பால் திரையும். இடித்த இஞ்சியைத் தண்ணியில் மூன்று நிமிடம் கொதிக்க விட்ட பிறகே பாலை ஊற்ற வேண்டும்.

கோப்பி கேட்பவர் குறைவு, போட்டு வைக்காதீர்கள். கேட்டதும் கிளாசுக்கு 8 கிராம் தூள், ஒரு சிட்டிகை சுக்கு, கொதிதண்ணி. நாலு நிமிடம் மூடி, மண்டி இறங்கியதும் வடித்துக் கொடுங்கள்.

கிளாஸ் கழுவுவதில்தான் கடைகள் தோற்கின்றன. ஒரே வாளித் தண்ணியில் எல்லாவற்றையும் முக்கி எடுப்பதைக் கழுவுதல் என்று சொல்ல முடியாது. மீன் பிடித்த கை பட்ட கிளாசில் வெடுக்கு நிற்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணியில் அலசி, கடைசியில் சுடுதண்ணி ஊற்றுங்கள். காய்ந்ததும் ஒன்றை மூக்கருகே பிடித்துப் பாருங்கள். மணந்தால் அந்தத் தட்டு முழுக்கத் திரும்பவும் கழுவ வேண்டும்.

வடை, ரோல்ஸ், பணிஸ் எல்லாம் தட்டில் அடுக்கி வைத்து, தின்றதற்கு மட்டும் காசெடுப்பது பழைய வழக்கம். மிஞ்சியது அடுத்த மேசைக்குப் போவதை ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்டதை மட்டும் இடுக்கியால் எடுத்துக் கொடுங்கள்.

கை வேலையாக இருந்தாலும், உள்ளே வந்தவரைக் கண்ணால் பார்த்து "வாங்கண்ணன், பிளேன்ரீயா, பால் ரீயா?" என்று கேட்டுவிடுங்கள். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் முஸ்லிம் ஆட்களுக்கு அண்ணனுக்குப் பதில் "காக்கா". கேட்டபின் ஐந்து நிமிடம் பொறுப்பார். கேட்காவிட்டால் ஒரு நிமிடத்தில் எழும்பிப் போவார். "சீனி வருத்தக்காரருக்கு ஒன்று!" என்று பொடியன் உள்ளே கத்தினால், அவருடைய வருத்தம் ஊருக்கே தெரிந்துவிடும். "மூன்றாம் மேசைக்குச் சீனி இல்லாமல்" என்று சொல்லப் பழக்குங்கள்.

வாங்குகளை வீதியைப் பார்த்துப் போடுங்கள். கச்சான் காற்று மேற்கிலிருந்து சுடும். அந்தப் பக்கம் கிடுகுத் தட்டி. மாரியில் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும், அங்கே தறப்பாள். பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து வைத்தால் ஒன்றை நாலு பேர் வாசிப்பார்கள். ரீவியைச் செய்தி நேரத்துக்கு மட்டும் போடுங்கள்.

கடன் கொப்பி லாச்சிக்குள் இருக்கட்டும். தொகையைக் கடன்காரர் பார்க்க எழுதி, பக்கத்திலிருப்பவர் பார்க்குமுன் மூடுங்கள்.

நோன்பு மாதத்தில் காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் இந்த அவசரம் முழுவதும் பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகுதான் வரும். சாயத்தையும் அந்த நேரத்துக்கே போடுங்கள்.