பட்டாளத்தார் வீட்டுக் கதவைப் பொங்கலன்றே தட்டுங்கள்

எங்கள் ஊர் வேலூருக்கும் ஆரணிக்கும் நடுவில் இருக்கிறது. தெருவுக்கு ஒரு பட்டாளத்தார் வீடாவது இருக்கும். என் அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு லடாக் மலைப்பாதையில் போய்வந்த ஹவில்தார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு குடியரசு தின விழாவுக்கு அவரை அழைத்தார்கள். எட்டு மணி என்றார்கள். சிறப்பு விருந்தினர் வந்தபோது பத்தேகால். அதுவரை முழங்கால் வலியோடு, மெடல்கள் குத்திய கோட்டுடன் அப்பா வெயிலில் நின்றார். சால்வை போட்டார்கள், படம் எடுத்தார்கள், பெயரைத் தவறாகப் படித்தார்கள். வீட்டுக்கு வந்தவர் சால்வையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் படுத்துக்கொண்டார்.

அப்பா போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளி ஆசிரியையான நானும் ஊர் இளைஞர்கள் சிலரும் ஐந்து ஆண்டுகளாகக் குடியரசு தினத்தன்று முன்னாள் படைவீரர்களுக்கு மரியாதை செய்துவருகிறோம். அதில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் செய்ய முடியும். பெரிய பணம் தேவையில்லை.

வேலையைப் பொங்கலுக்கே தொடங்கிவிடுங்கள். ஜனவரி 14 நாடு முழுவதும் முன்னாள் படைவீரர்களுக்கான நாள். இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்றது அந்தத் தேதியில்தான். நமக்கு அது போகியாகவோ பொங்கலாகவோ அமைந்துவிடுகிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்திருப்பார்கள், பெரியவர்கள் நல்ல மனநிலையில் இருப்பார்கள், பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியை இறக்கிக் கொடுக்க ஆள் இருக்கும். ஒரு நீளக் கணக்கு நோட்டும் கரும்பும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள்.

நோட்டில் ஒருவருக்கு இரண்டு பக்கம். பெயர், தகப்பனார் பெயர், கடைசிப் பதவி, ரெஜிமெண்ட், சேர்ந்த ஆண்டு, ஓய்வு பெற்று வந்த ஆண்டு, பணியில் இருந்த இடங்கள். பணி முடிந்து வரும்போது ராணுவம் கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்தே எழுதுங்கள். மேடையில் பெயர் தவறாமல் இருக்க வேறு வழியில்லை. பதக்கங்களையும் கேட்டுப் பாருங்கள். 1971 பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார் என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். இந்தச் சிறு விவரம் நமக்குத் தெரிந்திருந்தால் போதும், பெரியவர் நாற்காலியை நம் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

சண்டை போட்டவர்களை மட்டும் தேடாதீர்கள். சமையல்காரர், துணி வெளுத்தவர், முடி வெட்டியவர், டிரைவர், வயர்லெஸ் பார்த்தவர், பாலம் கட்டிய மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் பிரிவு) ஆட்கள் என எல்லோரும் பட்டாளத்தார்தான். “நான் வெறும் டிரைவர்தானே அம்மா” என்று சொல்பவரின் பக்கத்தை இன்னும் கவனமாக எழுதுங்கள். என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

மாணவர்களையும் உடன் அழைத்துப் போகிறேன். முன்பே சொல்லிவைத்துவிடுவேன்: “எத்தனை பேரைச் சுட்டீர்கள் தாத்தா?” என்ற கேள்வி கூடாது. என்ன சாப்பிட்டீர்கள், குளிருக்கு எதைப் போர்த்திக்கொண்டீர்கள், உங்கள் நண்பர் யார், வீட்டுக் கடிதம் எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள். ஐம்பத்தாறு ஏபிஓ (ராணுவ அஞ்சலகம்) என்று முகவரி எழுதிய இன்லேண்ட் கடிதங்கள் எங்கள் ஊரில் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அனுமதி கேட்டு, அந்தக் கடிதத்தின் முகவரிப் பக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே எழுதியிருப்பது அந்தக் குடும்பத்துக்கு உரியது.

சிலர் பேச மாட்டார்கள். எங்கள் ஊரில் ஒருவர் 1987-இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனவர். தமிழ் பேசும் ஊரில் துப்பாக்கியோடு நின்ற நாட்களைப் பற்றி அவர் இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. முதல் ஆண்டு அவர் பக்கத்தில் “இலங்கைப் போரில் வீரத்துடன்” என்று நாங்களாகவே ஒரு வரி எழுதினோம். படித்துக் காட்டியபோது பேனாவை வாங்கி அடித்துவிட்டு, “19 ஆண்டு பணி” என்று மட்டும் எழுதினார். அதிலிருந்து ஒவ்வொருவரிடமும் அவர் பக்கத்தைப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே மேடைக்குக் கொண்டுபோகிறோம். விழாவில் அதிர்வேட்டும் போடுவதில்லை. வெடிச் சத்தம் கேட்டால் உடல் தூக்கிப்போடும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இனி, நான் மிகவும் வருந்திச் சொல்ல வேண்டிய ஒன்று. வாசலில் சந்தனம், குங்குமம், பூ, கற்கண்டு வைத்த தட்டுடன் பெண் பிள்ளைகள் நிற்பார்கள். கணவரை இழந்த பெண்கள் வரும்போது அந்தத் தட்டு தானாக விலகிப்போகும். யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே பிள்ளைகள் அதைக் கற்றுவைத்திருக்கிறார்கள். படைவீரரின் மனைவியை மரியாதை செய்ய அழைத்துவிட்டு வாசலிலேயே அவமதிப்பதை என்னால் தாங்க முடியாது. பிள்ளைகளை முதல் நாளே உட்காரவைத்துப் பேசுங்கள். தட்டு எல்லோரிடமும் நீள வேண்டும். எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் விருப்பம். முதல் வரிசையில் அவர்களுக்கும் இடம் வேண்டும். கணவர் எல்லையில் இருந்த ஆண்டுகளில் நிலத்தையும் பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டது அவர்கள்தானே. கணவருடைய பெயரோடு அவர்களுடைய பெயரையும் படியுங்கள்.

விழா நாளுக்கு வருவோம். கை வைத்த நாற்காலி, பந்தல், குடிநீர், பக்கத்திலேயே கழிப்பறை. எட்டு மணி என்றால் எட்டு மணிக்குக் கொடி பறக்க வேண்டும், யாருக்காகவும் காத்திருக்காதீர்கள். நடக்க முடியாதவரை அழைத்துவர ஒரு ஆட்டோ. ஊரிலேயே வயதில் மூத்த படைவீரர் கொடியேற்றட்டும். முடிச்சு அவிழாமல் அவர் சங்கடப்படக் கூடாது என்பதால், கயிற்றையும் உருளையையும் முந்தின மாலையே சோதித்துவிடுங்கள். பேச்சுகள் வேண்டாம். நோட்டிலிருந்து பெயர்களை வாசிக்க மாணவர்களுக்கு இருபது நிமிடம் போதும். சால்வை போடலாம், தவறில்லை. நாங்கள் அவரவர் பக்கத்தை நல்ல எழுத்தில் எழுதிச் சட்டம் போட்டுக் கொடுக்கிறோம். அது கூடத்துச் சுவரில் தொங்குவதைப் பார்க்கிறேன்.

அன்றைக்கே கிராம சபையும் கூடும். ஊரில் பழைய நினைவுக் கல் இருந்தால் அதைப் பராமரிக்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள். 1914-1919 போருக்கு (முதல் உலகப் போர்) இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள் என்று பொறித்த கற்கள் நம் பக்கத்தில் பல இடங்களில் உண்டு. வேலூர் மணிக்கூண்டுக் கல்லில் 277 பேர் போனதாகவும் 14 பேர் உயிர் கொடுத்ததாகவும் இருக்கிறது. கல்லைத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு மட்டும் கழுவுங்கள். ஆசிட் ஊற்றினால் எழுத்து போய்விடும்.

மதியம் நாங்கள் செய்வதுதான் அவர்களுக்கு அதிகம் பயன்படுகிறது என்று நினைக்கிறேன். பள்ளி வராந்தாவில் இரண்டு மேசை, ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர். ராணுவப் பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய முறைக்கு மாறிவிட்டது. எண்பது வயதுக்காரர் கடவுச்சொல்லை எங்கே நினைவில் வைத்திருப்பார்? ஆண்டுக்கு ஒருமுறை தர வேண்டிய வாழ்நாள் சான்றிதழ் பதிவாகாமல் பென்ஷன் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். மனைவியின் பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும் ராணுவப் பதிவேட்டில் வேறு விதமாகவும் இருந்தால், கணவர் உயிரோடு இருக்கும்போதே திருத்த விண்ணப்பித்துவிட வேண்டும். பிறகு அந்த அம்மாதான் தனியாக அலைய வேண்டியிருக்கும். பென்ஷன் ஆணை, டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நம்மால் முடியாததை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, ஒரு இளைஞரைத் துணைக்கு அனுப்புங்கள். ஓடிபி வந்தால் அவரே பார்த்துச் சொல்லட்டும், போனை நாம் வாங்க வேண்டாம். பென்ஷன் எண் தெரியும் படம் எதுவும் வாட்ஸ்அப்பில் போகக் கூடாது.

மாலையில் நோட்டை ஒரு பிரதி எடுத்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். அடுத்த பொங்கலுக்குப் போகும்போது சிலர் இருக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்கும் கரும்போடு போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். நோட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களை எழுதாமல் விடுங்கள். எங்கள் தெருவில் இந்த ஆண்டும் இரண்டு பிள்ளைகள் ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பழகுகிறார்கள்.