புதிய நகராட்சி அலுவலகம் எங்கே, எப்படி? ஊர் கூடிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாமா இறந்த பிறகு, சொத்து வரிப் பெயரை மாற்றுவதற்காக அத்தையை ஒரு நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். மார்க்கெட்டை ஒட்டி இருந்த அலுவலகம் அதற்குள் புறவழிச்சாலைக்கு மாறியிருந்தது. பஸ் நிலையத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, லாரிகள் பறக்கும் சாலையைக் கடந்து உள்ளே போனபோது மணி பதினொன்றரை. இறப்புச் சான்றிதழில் ஒரு நகல் குறைந்தது. கட்டடத்தைச் சுற்றிக் கருவேலங்காடு. அத்தை படியில் உட்கார்ந்துவிட்டார். "பழைய ஆபீஸ் வாசலில் மூன்று ஜெராக்ஸ் கடை இருந்ததே, தம்பி" என்றார். ஒரு தாளுக்காக மீண்டும் ஊருக்குள் போய் வந்தோம். அதற்குள் மதிய உணவு இடைவேளை வந்துவிட்டது. அன்று வேலை முடியவில்லை.

கட்டடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பளபளக்கும் தரை, அகலமான படிகள், முகப்பில் கோபுரம். அது எங்கே வர வேண்டும் என்று அந்த ஊர் இரண்டு ஆண்டுகள் விவாதித்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். யார் பெயரை வைப்பது, முகப்பு எந்தப் பாணியில் இருப்பது என்பதைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் மனுஷி எப்படி வந்து சேருவாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை எழுதத் தூண்டியது அந்த நாள்தான்.

இந்த விவாதம் இப்போது தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடக்கிறது, இனியும் நடக்கும். 2021இல் தாம்பரம், காஞ்சிபுரம், கரூர், கடலூர், கும்பகோணம், சிவகாசி ஆகியவை மாநகராட்சிகளாக உயர்த்தப்பட்டன. 2024இல் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி சேர்ந்தன. எல்லை விரிகிறது, பக்கத்து ஊராட்சிகள் இணைகின்றன, அலுவலர்கள் கூடுகிறார்கள். பழைய கட்டடத்தில் கோப்புகள் மாடிப்படி வரை அடுக்கப்பட்டிருக்கின்றன. புதிய கட்டடம் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. அதைப் பற்றிப் பேசும் விதத்தில்தான் தவறுகள் நடக்கின்றன.

படத்தை முதலில் பார்ப்பது

பெரும்பாலான ஊர்களில் விவாதம் ஒரு வண்ணப் படத்தோடுதான் தொடங்குகிறது. மாதிரி வரைபடத்தில் மரங்கள் பச்சையாக நிற்கும், வாசலில் நான்கு கார்கள் இருக்கும், வானம் நீலமாக இருக்கும். அந்தப் படம் கைப்பேசிகளில் ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும், ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். முகப்பு பிடித்தவர்கள் ஒரு பக்கம், பிடிக்காதவர்கள் மறுபக்கம். இடம் எது, செலவு எவ்வளவு, பராமரிப்பு யார் பொறுப்பு என்ற கேள்விகள் அதற்குப் பிறகு எடுபடுவதில்லை. படத்தைக் காட்டினால், "இது எந்த சர்வே எண்ணில் வருகிறது?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்கும்வரை முகப்பைப் பற்றிப் பேசாதீர்கள்.

நிலம் சும்மா கிடைக்கிறது என்பதற்காக ஊருக்கு வெளியே போவது

எல்லாவற்றிலும் பெரிய தவறாக இதைத்தான் கருதுகிறேன். "புறவழிச்சாலையில் ஐந்து ஏக்கர் இருக்கிறது, வண்டி நிறுத்த இடமும் உண்டு, ஊருக்குள் நெரிசலும் குறையும்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வண்டி வைத்திருப்பவருக்கு அது நியாயமும்கூட. ஆனால் நகராட்சிக்கு வருபவர்கள் யார்? பிறப்புச் சான்றிதழுக்காகக் கைக்குழந்தையோடு வரும் தாய், குடிநீர் இணைப்புக்கு அலையும் வாடகைதாரர், சம்பளம் வரவில்லை என்று கேட்க வரும் தூய்மைப் பணியாளர், தள்ளுவண்டிக் கடைக்கு அடையாள அட்டை கேட்பவர். இவர்களுக்கு அந்த ஐந்து ஏக்கர் நிலம் இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ, அரை நாள் கூலி.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. இப்போதைய அலுவலக வாசலில் ஒரு திங்கட்கிழமை காலை 10 மணி முதல் மதியம் 1 மணி வரை உட்காருங்கள். வருகிறவர்களிடம் மூன்றே கேள்விகள்: எந்த வார்டு, எப்படி வந்தீர்கள், எவ்வளவு செலவானது. கல்லூரிப் பிள்ளைகள் இருவர் உதவினால் போதும், ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்துவிடும். மன்றத்தில் எந்தப் பேச்சுக்கும் இல்லாத எடை அந்த நோட்டுக்கு உண்டு.

அலுவலகத்தோடு ஒரு தெருவே வாழ்கிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர், ஜெராக்ஸ் கடை, முத்திரைத்தாள் விற்பவர், காத்திருக்கும்போது உட்கார ஒரு தேநீர்க்கடை. இவை எந்தத் திட்ட அறிக்கையிலும் வராது. இவை இல்லாத அலுவலகத்தில் ஏழைக்கு வேலை நடக்காது. அலுவலகம் போனால் அந்தத் தெருவும் மெல்லச் சோர்ந்துவிடும்.

அமெரிக்காவின் சான் ஹோசே நகரம் இந்தத் தவறைச் செய்து அரை நூற்றாண்டு அனுபவித்திருக்கிறது. கலிபோர்னியாவின் அந்த ஊரில் 1889 முதல் நகர நடுவில், பூங்காவுக்குள் நகர மண்டபம் இருந்தது. 1958இல் வடக்கே, மையத்தை விட்டு விலகிய இடத்தில் புதிதாகக் கட்டி அலுவலகத்தை மாற்றினார்கள். பழையதை இடித்துவிட்டார்கள். கடைகளும் அதே காலத்தில் வெளியே நகர, நகர மையம் வெறிச்சோடிப்போனது. அலுவலகம் மாறியது மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் தன் தவறை உணர்ந்தது உண்மை. நகர மண்டபத்தை மீண்டும் மையத்துக்குக் கொண்டுவர 1996இல் மக்கள் வாக்களித்தார்கள். புதிய கட்டடம் 2005இல் திறக்கப்பட்டது. போனதும் வந்ததும் 47 ஆண்டுக் கதை. இரண்டு முறையும் கட்டியது வரிப்பணத்தில்.

வெளியேதான் போக வேண்டும், வேறு வழியே இல்லை என்றால், பஸ் வழித்தடமும் தெருவிளக்கும் நடைபாதையும் அலுவலகத்துக்கு முன்பே வர வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது அங்கே ரயில் நிலையம் இல்லை. மூட்டையோடு இறங்கியவர்கள் பட்ட பாட்டைச் சென்னைவாசிகளைக் கேட்டால் சொல்வார்கள். பிறப்பு, இறப்பு, வரி, குடிநீர் ஆகிய நான்குக்கும் ஊருக்குள் ஒரு சேவை மையம் தொடர்ந்து இயங்கும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள்.

நிலத்தின் பழைய பெயரைக் கேட்காமல் இருப்பது

"அரசுப் புறம்போக்கு" என்ற ஒரே சொல்லில் ஏமாந்துவிடாதீர்கள். புறம்போக்கில் பல வகை உண்டு. வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் (சர்வே எண்) எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்: ஏரி, கண்மாய், ஊரணி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், மயானம். நில அளவை வரைபடமான புலப்படத்தையும் சேர்த்துப் பார்த்தால் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியும். ஊரில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் கேட்டால் அதைவிட நன்றாகவே தெரியும்.

நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் ஏரி போய், லேக் வியூ ரோடு என்ற தெருப்பெயர் மிஞ்சியிருக்கிறது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை உலகனேரியில் இருக்கிறது, மாநகராட்சி அலுவலகம் தல்லாகுளத்தில் இருக்கிறது. ஒரு பெயரில் ஏரி, மற்றொன்றில் குளம்.

மற்றக் கட்டடங்களைவிட நகராட்சிக்கு இந்த விஷயத்தில் பொறுப்பு அதிகம். 2015 டிசம்பர் போன்ற ஒரு மழையில் மோட்டார் பம்பும் படகும் உணவுப் பொட்டலமும் புறப்பட வேண்டிய இடம் அது. கட்டுப்பாட்டு அறையில் முழங்கால் தண்ணீர் நின்றால் ஊர் யாரைக் கூப்பிடும்?

கோயில் நிலமும் அப்படித்தான். கள்ளக்குறிச்சி புதிய மாவட்டமானபோது ஆட்சியர் அலுவலகத்துக்கு வீரசோழபுரம் அர்த்தநாரீஸ்வரர் கோயில் நிலம் தேர்வானது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிலத்தின் உரிமையைத் தீர்க்காமல் அடிக்கல் நாட்டினால், சாரம் கட்டிய கம்பி துருப்பிடிக்கும்வரை காத்திருக்க நேரும்.

பழையதை முதலில் இடிப்பது

"இரண்டு ஆண்டுகள் தற்காலிகமாக ஒரு சமுதாயக் கூடத்தில் இயங்கும்" என்பார்கள். அந்த இரண்டு ஆண்டுகள் எத்தனை ஆண்டுகளாக நீளும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. பழைய அலுவலகத்தை ஒரு பகுதியாக வைத்துக்கொண்டு பின்னால் விரிவாக்க முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும்.

இதற்கு நம் கண்முன்னே ரிப்பன் மாளிகை இருக்கிறது. எர்ரபாலு செட்டி தெருவில் இருந்த சென்னை மாநகராட்சி, 1909இல் அடிக்கல் நாட்டி 1913இல் இங்கே குடியேறியது. கட்டியவர் லோகநாத முதலியார், செலவு 7.5 லட்சம் ரூபாய். இடத் தேர்வைக் கவனியுங்கள். பக்கத்தில் சென்ட்ரல், எதிரே பூங்கா ரயில் நிலையம். நூறு ஆண்டு கழித்து மெட்ரோவும் அதே வாசலுக்கு வந்தது. இடம் போதாமல் போனபோது பின்புறம் அம்மா மாளிகை எழுந்தது, முன்னே வெள்ளை நிற ரிப்பன் மாளிகை அப்படியே நின்றது. கோவையில் 1892இல் கட்டிய விக்டோரியா மண்டபத்தில் மாமன்றம் கூடுகிறது. அந்த வட்டாரத்துக்கே டவுன்ஹால் என்றுதான் பெயர். பஸ் நடத்துநர் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம், ஊர்மன்றம் இங்கே இருக்கிறது என்று ஊருக்கு நினைவூட்டுகிறார்.

ஒரு கட்சியின், ஒரு தலைவரின் கட்டடமாக அடையாளப்படுவதும் ஆபத்து. ஓமந்தூரார் தோட்டத்தில் 2010 மார்ச்சில் புதிய சட்டமன்ற-தலைமைச் செயலக வளாகம் திறக்கப்பட்டது. 2011இல் ஆட்சி மாறியதும் சட்டமன்றம் புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. 2014இல் அந்த வளாகம் பன்னோக்கு மருத்துவமனையானது. மருத்துவமனையால் மக்கள் பயனடைகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் சட்டமன்றத்துக்காகத் திட்டமிட்டுச் செலவழித்தது வேறொன்றாக மாறியது. உங்கள் ஊர்க் கட்டடத்துக்கு எல்லாக் கட்சி உறுப்பினர்களும் கையெழுத்திட்ட தீர்மானம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே நுழைந்து பார்க்காமல் ஒப்புக்கொள்வது

வரைபடத்தில் மூன்று இடங்களில் விரலை வையுங்கள்.

முதலில் சாய்தளம். 15 செ.மீ. உயரத்தில் மூன்று படிகள் என்றால் தரையிலிருந்து 45 செ.மீ. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற அளவில் சாய்தளம் 5.4 மீட்டர் நீள வேண்டும். பல கட்டடங்களில் அது இரண்டு மீட்டரில் முடிந்துவிடுகிறது. சக்கர நாற்காலியை அதில் ஏற்ற இரண்டு பேர் தள்ள வேண்டும், இறங்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக்கட்டடங்களில் அணுகல்வசதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கருணை காட்டுங்கள் என்று கேட்க வேண்டியதில்லை, சட்டத்தைச் சொன்னால் போதும்.

அடுத்து, பொதுமக்களுக்கான கழிப்பறை. அலுவலர்களுடையது பூட்டியிருக்கும், சாவி யாரிடமோ இருக்கும். நான்கு மணி நேரம் காத்திருக்கும் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பணம் கட்டும் முகப்புகளுக்குப் பக்கத்திலேயே, தரைத்தளத்தில் அது இருக்க வேண்டும்.

கடைசியாக, மன்றக் கூட்ட அரங்கில் பார்வையாளர் மாடம். ஆணையர் அறைக்கு இருநூறு சதுர அடி கூட்டும்போது முதலில் குறைவது இதுதான். நம் பெயரில் எடுக்கும் முடிவை நாம் உட்கார்ந்து பார்க்க நாற்காலி வேண்டும்.

கண்ணாடிச் சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே மாதத்து மேற்கு வெயிலில் அந்தக் கண்ணாடிக்குள் ஏ.சி. இல்லாமல் யாரும் உட்கார முடியாது. கட்டுமான மதிப்பீட்டோடு ஆண்டு மின்கட்டண மதிப்பீட்டையும் கேளுங்கள்.

ஒப்பந்தப்புள்ளி திறந்த பிறகு எழுந்து நிற்பது

மன்றத் தீர்மானம், திட்ட அறிக்கை, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு. வரிசை இதுதான். ஊர் விழித்துக்கொள்வது பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய படியில். அதற்குப் பிறகு கையில் இருப்பது வழக்கு ஒன்றுதான், அதில் வெற்றி அபூர்வம்.

தீர்மானத்துக்கு முன்பே பேச, தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல், வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூடுகின்றன. வெறும் "எதிர்க்கிறோம்" என்ற மனுவோடு போகாதீர்கள். மாற்று இடத்தின் புல எண், பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து போக ஆகும் நிமிடம், பழைய வளாகத்தில் மிச்சமிருக்கும் சதுர அடி, இவற்றோடு போங்கள். கடைவீதி வணிகர்களும் புறவழிச்சாலையில் மனை வைத்திருப்பவர்களும் தங்கள் நலனைப் பொதுநலனாகப் பேசுவார்கள். பேசட்டும், அதுவும் அவர்களின் உரிமை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குக் கருத்துக்கேட்பு வைத்தால் அவர்கள் மட்டும்தான் வருவார்கள். மாலை ஏழு மணிக்கு, வார்டிலேயே வையுங்கள் என்று கேளுங்கள்.

"வேண்டாம்" என்று சொன்னால் கட்டடமே வராமல் போய்விடுமோ என்று பயப்படவும் வேண்டாம். ஈழத்தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் டொராண்டோவில், உள்ளூர் நிறுவனங்கள் வரைந்த நகர மண்டபத் திட்டத்தை 1955இல் மக்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டு வேறு முறைக்கு ஒப்புதல் தந்தார்கள். உலகளாவிய போட்டி நடந்தது, 42 நாடுகளிலிருந்து ஐந்நூறுக்கு மேற்பட்ட வரைவுகள் வந்தன, பின்லாந்தின் வில்ஜோ ரெவெல் 1958இல் தேர்வானார். 1965இல் திறக்கப்பட்ட அந்த இரு வளைவுக் கோபுரங்கள் இன்று ஊரின் அடையாளம். 1899இல் திறந்த பழைய மண்டபமும் பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் அந்த இடத்துக்காக அங்கிருந்த சீனர்களின் குடியிருப்பும் கடைகளும் பெருமளவு அகற்றப்பட்டன. யாருடைய வீடு போகிறது என்ற கேள்வியை அழகான கட்டடம்கூட அழித்துவிடாது.

பகுதி சபையில் பேசியது பதிவேட்டில் ஏறியதா என்று அன்றே படித்துப் பாருங்கள். ஏறவில்லையென்றால் அங்கேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலையும், தேர்வான இடத்துக்கான 'அ' பதிவேட்டுப் பக்கத்தையும் கேட்டு விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய அலுவலக வாசலில் அந்தக் கடை இருக்கும்போதே.