ஆடி மாசம் சூட் ரூம், முகூர்த்த நாள்ல சாதா ரூம்: ஓட்டல் அப்கிரேடு வாங்குற கணக்கு

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், ஓட்டல்காரன் அப்கிரேடு, அதாவது நாம புக் பண்ணதவிட நல்ல ரூம, ஓசியா குடுக்குறது நம்ம மேல இருக்குற பாசத்துல இல்ல. இட்லிக் கடையில மாவு மிஞ்சுனா மறுநாள் ஊத்தப்பமா ஊத்தி வித்துடலாம், ஆனா நேத்து ராத்திரி காலியா கெடந்த ரூம இன்னைக்கு யாருக்கும் விக்க முடியாது, அவ்ளோதான் போச்சு. அப்படி மிஞ்சப்போற நல்ல ரூம்கள யாருக்குக் குடுத்தா அடுத்த தடவையும் இங்கயே வருவான்னு பாத்து ஒரு வரிசை போட்டு வச்சிருக்காங்க, அந்த வரிசையில நம்மள முன்னாடி தள்ளி விடறதுதான் இந்த மெம்பர்ஷிப் ஸ்டேட்டஸ். பந்தியில முன்னாடி நின்னா மட்டும் போதாது, எலை மிஞ்சணும்ல. அதனால ஸ்டேட்டஸ் எப்படி வாங்குறதுன்றது பாதி வேலைதான், ரூம் எப்ப மிஞ்சும்னு தெரிஞ்சு போறது மீதி பாதி, நம்ம ஆளுங்க கோட்டை விடறது இந்த ரெண்டாவதுலதான்.

நான் மெஷின் விக்கிற கம்பெனியில வேலை பாக்குறேன், வருஷத்துல அம்பது அறுபது ராத்திரி சென்னை, பெங்களூர்னு ஓட்டல்லதான் தூக்கம், பெரும்பாலும் மேரியட் குடும்பத்து ஓட்டல்கள். அதனால அத வச்சே சொல்றேன், மத்த செயின்லயும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான்.

மேரியட்டோட மெம்பர்ஷிப் திட்டத்துக்குப் பேரு பான்வாய், அதுல சும்மா சேர்றது ஃப்ரீ. வருஷத்துக்கு 10 ராத்திரி தங்குனா சில்வர், 25க்கு கோல்டு, 50க்கு பிளாட்டினம், 75க்கு டைட்டானியம், அதுக்கு மேல 100 ராத்திரியும் 23,000 டாலர் செலவும் பண்ணா அம்பாசடர், அது நமக்கு வேணாம் விடுங்க. இதுல சில்வருக்கு அப்கிரேடே கெடையாது, கொஞ்சம் கூடுதல் பாயிண்ட்டும், இருந்தா லேட் செக்கவுட்டும், அவ்ளோதான். கோல்டுல இருந்துதான் அப்கிரேடு ஆரம்பிக்குது, அதுவும் அதே ரூம்ல மேல் மாடி, கார்னர், கொஞ்சம் நல்ல வியூன்னுதான் பெரும்பாலும் இருக்கும். சூட் ரூம் (ஹால் தனியா இருக்குற பெரிய ரூம்) வேணும்னா பிளாட்டினம், அதோட லவுஞ்சும் (மெம்பர்கள் உக்காந்து டீ, டிபன் சாப்பிடுற தனி ஹால்) சாயங்காலம் நாலு மணி செக்கவுட்டும் வரும். ஹையாட்னு இன்னொரு செயின்ல படி 10, 30, 60னு போகும், அந்த 60 ராத்திரிக்காரங்கள குளோபலிஸ்ட்னு சொல்லுவாங்க, ஸ்டாண்டர்டு சூட் காலியா இருந்தா அவங்களுக்குக் குடுக்கணும்னு ரூல்லயே இருக்கு. பார்க் ஹையாட்டும் ஹையாட் ரீஜென்சியும் சென்னையில இருக்கறதால அது மோசமான சாய்ஸ் இல்ல, ஆனா சின்ன ஊர்கள்ல ஓட்டல் கம்மி, ராத்திரி சேக்கறது கஷ்டம்.

அம்பது ராத்திரியும் உண்மையிலேயே தங்கித்தான் ஆகணுமான்னா இல்ல. எச்.டி.எஃப்.சி பேங்க்ல மேரியட் கிரெடிட் கார்டு ஒண்ணு 2023ல வந்துச்சு, வருஷ ஃபீஸ் 3,000 ரூபாயும் ஜி.எஸ்.டியும், அத வாங்குனாலே சில்வரும் 10 ராத்திரி கணக்கும் அக்கவுண்ட்ல ஏறும், அப்ப பிளாட்டினத்துக்கு 40 தங்குனா போதும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் (அமெக்ஸ்) பிளாட்டினம் கார்டு வச்சிருக்கறவங்களுக்கு மேரியட் கோல்டும் ஹில்டன் கோல்டும் தங்காமலே கெடைக்கும், ஆனா அந்த கார்டோட ஃபீஸுக்கு நீங்க நேராவே நல்ல ரூம் புக் பண்ணிக்கலாம்னு என் அபிப்பிராயம், வேற காரணத்துக்காக ஏற்கனவே வச்சிருந்தா மட்டும் யூஸ் பண்ணுங்க. இன்னொண்ணு, வருஷக் கணக்கு ஜனவரி டு டிசம்பர், ஆனா எட்டுன ஸ்டேட்டஸ் அதுக்கு அடுத்த வருஷம் முழுக்க ஓடி, அதுக்கும் அடுத்த பிப்ரவரி வரைக்கும் நிக்கும், அதனால வருஷ ஆரம்பத்துலயே வேகமா சேத்துட்டா கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் அனுபவிக்கலாம், டிசம்பர் கடைசியில மூச்சு வாங்கிக்கிட்டு தொட்டீங்கன்னா பதினாலு மாசம்தான்.

ஒரு எச்சரிக்கை, கிளப் மேரியட்னு ஃபோன் பண்ணி காசு கட்டச் சொல்லுவாங்க, பேரு ஒரே மாதிரி இருக்கறதால நெறைய பேர் அதுதான் இதுன்னு நெனச்சு கட்டிடறாங்க. அது சாப்பாட்டுல தள்ளுபடி குடுக்குற மெம்பர்ஷிப்பு, பிறந்த நாள் டின்னருக்கு நல்லாதான் இருக்கும், ஆனா அதுக்கும் பிளாட்டினத்துக்கும் சம்பந்தம் இல்ல.

சரி ஸ்டேட்டஸ் வந்துடுச்சு, இப்ப புக்கிங். ஓட்டலோட சொந்த ஆப் இல்லன்னா வெப்சைட்ல மட்டும் புக் பண்ணுங்க. நான் பிளாட்டினம் ஆன புதுசுல வேற ஒரு டிராவல் ஆப்ல நானூறு ரூபா கம்மியா காட்டுதேன்னு அதுல போட்டுட்டேன். கவுண்டர்ல போய் கெத்தா மெம்பர் நம்பர சொன்னா அந்தப் பையன் ஸ்க்ரீன பாத்துட்டு தயங்கித் தயங்கி, “சார், இது தேர்டு பார்ட்டி புக்கிங் சார்”னான். பாயிண்ட் இல்ல, ராத்திரிக் கணக்கு இல்ல, லவுஞ்சு இல்ல, ரூம் ஜன்னல தொறந்தா எதிர்ல ஜெனரேட்டர் ஷெட்டு. நானூறு ரூபா மிச்சம். கம்பெனி டிராவல் டெஸ்க் மூலமா போறவங்க, கம்பெனிக்குன்னு பேசி வச்ச ரேட்டா இருந்தா பொதுவா செல்லும், ஆனா புக்கிங்ல உங்க மெம்பர் நம்பர் ஏறியிருக்கான்னு போறதுக்கு முன்னாடி ஆப்ல பாத்துக்குங்க, ஆப்ல அந்த புக்கிங்கே காட்டலன்னா நம்பர் ஏறலன்னு அர்த்தம். கான்ஃபரன்ஸுக்கு மொத்தமா எடுக்குற குரூப் ரூம்ல பெருசா எதிர்பாக்காதீங்க.

இப்ப முக்கியமான மேட்டர், எந்த நாள். இத எந்த ஆப்பும் சொல்லாது, தினசரி காலண்டர் சொல்லும். சென்னையில பெரிய ஓட்டல்ல சூட் ரூம எல்லாம் யாரு எடுக்கறாங்க, கல்யாண வீட்டுக்காரங்க. பொண்ணு மாப்பிள்ளைக்கு ஒண்ணு, சம்பந்திக்கு ஒண்ணு, அமெரிக்கால இருந்து வந்த பெரியப்பாவுக்கு ஒண்ணு. அதனால வைகாசி, ஆவணி, தை மாதிரி மாசத்துல முகூர்த்த நாளும் அதுக்கு முந்தின ராத்திரியும் நீங்க டைட்டானியமா இருந்தாலும் சாதா ரூம்தான், மனச தேத்திக்குங்க. அதே ஆடி வந்துச்சுன்னா, அதாவது ஜூலை நடுவுல இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும், கல்யாணம் கெடையாது, பாங்க்வெட் ஹால் ஈ ஓட்டும், சூட்டெல்லாம் சும்மா கெடக்கும். துணிக்கடைக்கு மட்டும்தான் ஆடித் தள்ளுபடின்னு இல்ல, எனக்கு கெடைச்ச சூட்ல பாதிக்கு மேல ஆடியில கெடைச்சதுதான். மார்கழியிலயும் கல்யாணம் இல்லையேன்னு கேப்பீங்க, ஆனா அப்ப கச்சேரி சீசனுக்கு வெளிநாட்டுல இருந்து வர்ற கூட்டம், கிறிஸ்துமஸ், நியூ இயர்னு எல்லாம் ஒண்ணா வந்துடும், அது வேற கணக்கு.

வாரத்துல பாத்தா, ஓ.எம்.ஆர், கிண்டி, பெங்களூர் ஒயிட்ஃபீல்டு மாதிரி எடத்துல இருக்கற ஆபீஸ் ஓட்டல்கள்ல திங்கள் டு வியாழன் கூட்டம், வெள்ளி சனி ஞாயிறு ராத்திரி காத்து வாங்கும். பொங்கல், தீபாவளி லீவுக்கு மொத்த பேரும் ஊருக்குப் போனதும் இந்த ஓட்டல்கள் இன்னும் காலி. சேப்பாக்கத்துல ஐ.பி.எல் மேட்ச்னா டீமே மாடி மாடியா எடுத்துடும், நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல பெரிய எக்ஸிபிஷன்னா கிண்டி பக்கம் போகாதீங்க. பெங்களூர்ல எலகங்காவுல ஏரோ இந்தியா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ பிப்ரவரில நடக்கும், 2023, 2025னு ஒத்தப்படை வருஷம், அந்த வாரத்துல ரூம் கெடைக்கறதே பெருசு, அப்கிரேடு பத்தி பேச்சே எடுக்காதீங்க.

எத்தன நாள் தங்குறோம்றதும் முக்கியம். மேரியட்ல அப்கிரேடு குடுத்தா நீங்க தங்குற அத்தன ராத்திரிக்கும் சேத்துதான் குடுக்கறது. நீங்க அஞ்சு நாள் புக் பண்ணி நாலாவது நாள் அந்த சூட்ட வேற யாரோ காசு குடுத்து எடுத்திருந்தா, மொத மூணு நாள் காலியா இருந்தும் உங்களுக்குக் கெடையாது. ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரிக்காரனுக்கு ஈஸியா வரும். அஞ்சு நாள் தங்குறப்ப எனக்கு இப்படி ஆச்சுன்னா நானே கேட்டுடுவேன், மூணு நாள் சூட்டு, அப்புறம் நான் மாறிக்கறேன்னு, சில எடத்துல ஒத்துக்குவாங்க, ஆனா பெட்டிய கட்டி அவுக்கணும், குடும்பத்தோட போனா வேணாம்.

வர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆப்ல சாட் இருக்கும், அதுல ஒரு நாலு வரி போடுங்க. எத்தன மணிக்கு வர்றேன், ரெண்டு பேரு, ஒரே பெரிய பெட்டு போதும், சூட் எதாவது காலியா இருந்தா பாருங்க, இல்லன்னா சத்தமில்லாத பக்கம் குடுங்க, அவ்ளோதான். ஏன்னா யாருக்கு எந்த ரூம்னு காலையிலயே ஃப்ரண்ட் ஆபீஸ்ல உக்காந்து லிஸ்ட்ட பாத்து பிரிச்சு வச்சிடுவாங்க, நீங்க கவுண்டர்ல வந்து நிக்கும்போது பாதி முடிவாகியிருக்கும். தனித்தனி கட்டில் வேணும்னு போட்டீங்கன்னா சூட் வாய்ப்பு கொறையும், சூட்ல பெரும்பாலும் ஒரே பெரிய கட்டில்தான். அப்புறம் இந்த கல்யாண நாள் கதை. உண்மையிலேயே இருந்தா சொல்லுங்க, கேக்கு கூட வரும். ஆனா ஒவ்வொரு தடவையும் சொல்லாதீங்க, உங்க புரொஃபைல்ல எழுதி வச்சிருப்பாங்க, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒரே வருஷத்துல மூணு கல்யாண நாள், மூணாவது தடவ அந்தப் பொண்ணு சிரிக்காம “எகெய்ன் ஹேப்பி ஆனிவர்சரி சார்”னு சொல்லிச்சாம்.

போய் எறங்குற நேரம் மூணு நாலு மணி வாக்குல இருந்தா நல்லது. காலைல பத்து மணிக்கு போனா நேத்து சூட்ல இருந்த பிளாட்டினம்காரன் நாலு மணி செக்கவுட் வாங்கிட்டு உள்ள தூங்கிட்டு இருப்பான், ராத்திரி பதினொண்ணுக்கு போனா எல்லாத்தையும் குடுத்து முடிச்சிருப்பாங்க. ஏர்போர்ட்ல இருந்து டாக்ஸில வரும்போது கத்திப்பாரா டிராஃபிக்ல சும்மாதான உக்காந்திருப்பீங்க, அப்ப ஆப்ப தொறந்து அதே ஓட்டல், அதே தேதிகள், அத்தன நாளும் சேத்துப் போட்டு ரூம் தேடுங்க. சூட் இன்னும் விலைக்கு காட்டுதா? அப்ப அது காலியாதான் இருக்கு. கவுண்டர்ல கார்டு குடுத்து ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு, “எக்ஸிகியூட்டிவ் சூட் இன்னும் ஆப்ல காட்டுது, பிளாட்டினத்துல பாக்க முடியுமா தம்பி”னு கேளுங்க. “அப்கிரேடு இருக்கா”ன்னு மொட்டையா கேட்டா “ஹவுஸ் ஃபுல் சார்”னு மொட்டையாதான் பதில் வரும், ரூம் பேரச் சொல்லிக் கேட்டா அவங்க ஸ்க்ரீன்ல பாத்துத்தான் ஆகணும். இல்லன்னு சொன்னா ஒரு தடவ டூட்டி மேனேஜர்கிட்ட கேக்கலாம், அதுக்கு மேல சத்தம் போடாதீங்க, அந்தப் பையன்தான் அடுத்த மாசமும் அங்க நிப்பான்.

சில நேரம் “சார், ஆயிரம் ரூபா சேத்துக் குடுத்தா கிளப் ரூம் தரேன்”னு சொல்லுவாங்க, அதாவது லவுஞ்சு வசதியோட வர்ற ரூம். கவுண்டர்ல இப்படி வித்தா பல ஓட்டல்ல அவங்களுக்கு இன்சென்டிவ் உண்டு, தப்பில்ல. ஆனா ஜி.எஸ்.டிய பாத்துக்குங்க. ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் இப்ப 5 சதவீதம், அத தாண்டுனா மொத்த வாடகைக்கும் 18. உங்க ரூம் 7,000னா வரியோட 7,350. ஆயிரம் சேத்து 8,000 ஆச்சுன்னா வரி 1,440, மொத்தம் 9,440. ஆயிரம் ரூபா அப்கிரேடுக்கு உங்க கையில இருந்து போனது 2,090. ஸ்டேட்டஸ்ல ஓசியா மாத்திக் குடுத்தா நீங்க குடுக்குற வாடகைக்கு மட்டும்தான் வரி, அதனால மொதல்ல ஓசிய கேட்டு முடிச்சிட்டு அப்புறம் காசு பேச்சுக்கு வாங்க.

குடுத்தத எல்லாம் வாங்கிக்கவும் வேணாம். ஒரு ஓட்டல்ல எனக்கு பெரிய சூட்டு குடுத்தாங்க, ஹால், சோபா, குளிக்கிற தொட்டின்னு ஒரே ராஜ மரியாதை, வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டிட்டுப் படுத்தேன். விடிகாலை நாலரைக்கு கீழ புல்வெளியில நாதஸ்வரமும் தவிலும் ஆரம்பிச்சுது, கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட பக்கம் நேர் மேல என் ரூமு, அதனாலதான் கல்யாண வீட்டுக்காரங்களே அத வேணாம்னுட்டாங்க போல. ஒம்போது மணிக்கு கஸ்டமர் முன்னாடி கொட்டாவி விட்டுக்கிட்டு பிரசென்டேஷன். அதுல இருந்து சாவி வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுடறேன், எந்தப் பக்கம், லிஃப்ட் பக்கத்துலயா, கீழ ஃபங்ஷன் இருக்கான்னு.

அப்படியே கவுண்டர்லயே நாலு மணி செக்கவுட்டயும் சொல்லி சிஸ்டத்துல போட்டுட்டாங்களான்னு பாத்துட்டு சாவி கார்ட வாங்குங்க, வாய் வார்த்தைய நம்பி விட்டீங்கன்னா மதியம் கீழ போய் சாப்பிட்டு வரும்போது கார்டு செத்துப் போயிருக்கும், லிஃப்ட்டு மேல ஏறாது, உங்க பெட்டி சூட்ல, நீங்க லாபியில.