சுடர்வெடிப்பா, தீக்குச்சியா? ஒளியியல் அவதானிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960-களின் முற்பகுதியில் பிரான்சின் ஓட்-புரோவான்ஸ் வானாய்வகத்தில் எடுத்த சில நிறமாலைகளில், குள்ள விண்மீன்கள் சிலவற்றில் பொட்டாசியத்தின் 7665, 7699 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) அலைநீளக் கோடுகள் திடீரெனப் பளிச்சிட்டன. இது ஒரு புதுவகைச் சுடர்வெடிப்பு, அதாவது விண்மீனில் திடீரென நிகழும் ஆற்றல் வெடிப்பு, என்றே ஆய்விதழில் பதிவாயிற்று. 1967-இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர் மூவர், நிறமாலைக் கருவிக்கு அருகே தீக்குச்சியைக் கொளுத்தினாலே இதே கோடுகள் தோன்றும் என்று செய்து காட்டினர். தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் இருக்கிறது. இதைச் சொல்லிச் சிரிப்பது எளிது. ஆனால் இன்று நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவையும் இதே இனத்தைச் சேர்ந்தவைதான்: கருவியும் அதன் சுற்றுப்புறமும் செய்ததை விண்மீன் செய்ததாக எழுதிவிடுகிறோம்.

ஒளி வளைவில், அதாவது நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபடத்தில், ஒரே ஒரு புள்ளி மட்டும் மேலே எழும்பியிருந்தால் அதைச் சுடர்வெடிப்பு என்று அறிவித்துவிடக் கூடாது. உணரியில் பட்ட காஸ்மிக் கதிரும், கடந்து சென்ற செயற்கைக்கோளின் மின்னலும் அப்படித்தான் தெரியும். குறைந்தது மூன்று அடுத்தடுத்த புள்ளிகள் இரைச்சலின் அளவைத் தெளிவாகத் தாண்டியிருக்க வேண்டும். விரைவாக ஏறி மெதுவாக இறங்கும் வடிவம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; ஏற்றமும் இறக்கமும் ஒரே சாயலில் இருந்தால், படத்தைக் கடந்த சிறுகோளையும் சந்தேகப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். விண்மீன்களின் ஒளியைத் தொடர்ந்து அளக்கும் டெஸ் விண்கலத்தின் ஒரு படப்புள்ளி வானில் 21 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) அகலம் கொண்டது என்பதால், வெடித்தது நாம் பெயரிட்ட விண்மீனா, அதே படப்புள்ளிக்குள் ஒளிந்திருக்கும் மங்கலான செங்குள்ளனா (வெப்பம் குறைந்த சிறிய சிவப்பு விண்மீன்) என்று சரிபார்க்காமல் எழுதிய முடிவுக்கு மதிப்பில்லை.

என் பார்வையில் மிக அதிகமாக ஏமாற்றுவது ஒளிபதிவு நேரம். மூன்று நிமிடம் நீடித்து, அந்த நேரத்தில் விண்மீனின் ஒளியைச் சராசரியாக இரு மடங்காக்கிய வெடிப்பு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கெப்ளர் தொலைநோக்கியின் நீள்பதிவு முறையில் ஒரு புள்ளி ஏறத்தாழ 30 நிமிட ஒளியின் கூட்டு. அதில் இந்த வெடிப்பு வெறும் 10 சதவீத உயர்வாகவே தெரியும். ஒரு நிமிடப் பதிவிலோ 100 சதவீத உயர்வு நன்றாகத் தெரியும். இரண்டும் ஒரே நிகழ்வுதான். ஆகவே உச்ச உயரத்தை வைத்து, வெவ்வேறு கருவிகளில் பதிவான வெடிப்புகளை ஒப்பிடுவது தவறு. வளைவுக்குக் கீழுள்ள பரப்பை ஒப்பிட வேண்டும், அதுவே ஆற்றலோடு தொடர்புடையது. சுழற்சியால் வரும் மெதுவான ஒளி மாற்றத்தை நீக்குவதற்காகப் பொருத்தும் வளைவு, வெடிப்பின் நீண்ட வாலையும் சேர்த்து விழுங்கிவிட்டால் அந்தப் பரப்பும் குறைந்துபோகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நிறப்பட்டை. வெண்ணொளி வெடிப்பின், அதாவது தனிக் கோடுகளில் மட்டுமன்றிச் சாதாரண ஒளியிலேயே தெரியும் வெடிப்பின், ஒளி ஏறக்குறைய 9,000 முதல் 10,000 கெல்வின் வெப்பமுள்ள பொருளின் ஒளியைப் போன்றது. சுமார் 3,000 கெல்வின் வெப்பமே உள்ள செங்குள்ளனின் முன்னே அது நீலத்திலும் புறஊதாவிலும் பொங்கித் தெரியும்; சிவப்பில் அடங்கிவிடும். 1985-இல் ஏடி லியோனிஸ் விண்மீனில் நிகழ்ந்த பெருவெடிப்பு யு பட்டையில் (புறஊதாவை ஒட்டிய பட்டை) ஏறத்தாழ 4.5 ஒளித்தரம், அதாவது அறுபது மடங்குக்கு மேல் உயர்ந்தது. 600 முதல் 1,000 நானோமீட்டர் வரை பார்க்கும் டெஸ் கண்ணுக்கு அதே வெடிப்பு மிகச் சிறிதாகவே பட்டிருக்கும். பட்டையைக் குறிப்பிடாமல் 'இத்தனை மடங்கு பிரகாசம்' என்று எழுதுவது அளவுகோலைச் சொல்லாமல் நீளம் சொல்வதற்குச் சமம்.

சூரியனில் நிலைமை தலைகீழ். அதன் பின்னணியே 5,772 கெல்வின்; 2003 அக்டோபர் 28-இல் எக்ஸ் 17 என்னும் மிகப் பெரிய அளவில் வெடித்தபோதுகூட மொத்தச் சூரிய ஒளி உயர்ந்தது 0.03 சதவீதத்துக்கும் குறைவுதான். எனவே வெண்ணொளி வடிகட்டியை மாட்டிவிட்டு வெடிப்புக்காகக் காத்திருப்பவர் பெரும்பாலும் ஏமாறுவார். ஹெச்-ஆல்ஃபா, அதாவது ஹைட்ரஜனின் 6562.8 ஆங்ஸ்ட்ராம் சிவப்புக் கோடு, அதற்கான வழி. ஆனால் சிவப்புக் கண்ணாடி ஹெச்-ஆல்ஃபா வடிகட்டி ஆகாது. சூரியனின் ஒளிரும் மேற்பரப்புக்கு மேலுள்ள நிறமண்டலம் தெரிய ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைந்த பட்டை அகலம் வேண்டும். வடிகட்டி அமைப்பு சூரியனுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். கண்ணருகு வில்லையில் திருகும் பழைய கருங்கண்ணாடி, குவிந்த வெப்பத்தில் விரிசல் விட்டால் கண் போய்விடும். இதில் சமரசமே இல்லை.

படம் எடுப்பவர்கள் கேமராவின் தானியங்கி ஒளியமைப்பை அணைத்துவிட வேண்டும். வெடிப்பு பிரகாசமடையும்போது கேமரா தானாகவே ஒளியைக் குறைத்துக்கொண்டால், வரைபடத்தில் வெடிப்பு தட்டையாகி, சுற்றியுள்ள பகுதி மங்கியது போன்ற வேடிக்கையான முடிவு கிடைக்கும். சூரியப்புள்ளிக்கு அருகில் நாள்கணக்கில் வெளிச்சமாக இருக்கும் பிளாஜ் பகுதியைச் சுடர்வெடிப்பு என்று குறிப்பதும் அடிக்கடி நடக்கிறது. சில நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்தால் குழப்பம் தீரும்.

வகைப்பாட்டிலும் கவனம் தேவை. சூரிய வெடிப்புகளுக்குத் தரும் எம், எக்ஸ் என்பவை கோஸ் செயற்கைக்கோள்கள் 1 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் எக்ஸ் கதிரில் அளக்கும் உச்சம். ஒளியியல் வகைப்பாடு வேறு: '2பி' என்றால் சூரிய அரைக்கோளத்தில் பத்து லட்சத்தில் 250 முதல் 600 பங்கு வரை பரப்பும், பிரகாசமான தோற்றமும் கொண்டது என்று பொருள். ஒன்றிலிருந்து மற்றதை ஊகித்து எழுதக் கூடாது. நேரமும் அப்படியே, மென் எக்ஸ் கதிரின் உச்சம் பெரும்பாலும் வெண்ணொளி உச்சத்துக்குப் பிந்தியே வரும். விண்மீன் பதிவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்கலத் தரவு சூரியக் குடும்பத்தின் ஈர்ப்பு மையத்துக்குத் திருத்தப்பட்ட நேரத்திலும், தரைப் பதிவு சாதாரண உலக நேரத்திலும் இருந்தால், ஒரே வெடிப்பு எட்டு நிமிடம் வரை விலகி இரண்டாகத் தெரியக்கூடும்.

1859 செப்டம்பர் 1-இல் ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் கேரிங்டன், தொலைநோக்கி திரையில் வீழ்த்திய சூரியப் படத்தில் வெண்ணொளி வெடிப்பைக் கண்டவுடன் சாட்சிக்கு ஆள் அழைக்க ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பியபோது அது ஏற்கெனவே வெகுவாக மங்கியிருந்தது. அதே வேளையில் வேறோர் இடத்தில், வேறொரு தொலைநோக்கியில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் அதையே பார்த்துக் குறித்து வைத்திருந்தார்.