பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்ராறியோவில் நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு வீதியில் மோட்டார் சைக்கிளைக் காண்பது அரிது. ரொறன்ரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் வாழும் தமிழர்களில் பலர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சென்னையிலோ ஆண்டு முழுவதும் வண்டி ஓட்டிப் பழகியவர்கள். ஒரு வண்டியை நான்கைந்து மாதம் தொடர்ந்து நிறுத்திவைக்கும் தேவை அங்கே பெரும்பாலும் வந்ததில்லை. அதனால் சாவியை எடுத்துவிட்டு மேலே எதையாவது போர்த்தினால் போதும் என்ற எண்ணம் இயல்பாகவே வந்துவிடுகிறது. ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ஈரமும் உப்பும் பழைய பெற்றோலும் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஏப்ரலில் வண்டி இயங்க மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒக்டோபரில் செய்யாமல் விட்ட ஏதோவொரு சிறிய வேலையாகவே இருக்கும்.

அக்கறையோடு செய்யப்பட்டும் தீங்கையே தருகின்ற ஒரு பழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கராஜுக்குப் போய், என்ஜினை இயக்கி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவதே அது. பெற்றோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் முழுமையாக எரிந்தால் உருவாகும் நீரும் ஏறக்குறைய ஒரு லீற்றர்தான். நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓடும் வண்டியில் என்ஜினும் எண்ணெயும் சைலன்சரும் நன்றாகச் சூடேறுவதால் அந்த நீராவி முழுவதும் வெளியேறிவிடும். குளிரில் நின்றபடி ஐந்து நிமிடம் மட்டும் இயங்கும் வண்டியிலோ அது சைலன்சரின் உட்சுவரிலும் என்ஜினின் அடிப்பகுதியிலும் நீராகப் படிந்து, எண்ணெயோடு கலந்து, அடுத்த இரண்டு வாரமும் உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கும். வண்டியைக் கிளப்பச் செலவான மின்னும் அந்த ஐந்து நிமிடத்தில் பற்றரிக்குத் திரும்பிச் சேராது. இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு: வீட்டோடு ஒட்டிய கராஜில், கதவைத் திறந்து வைத்திருந்தாலும்கூட, மணமற்ற காபன்மொனொக்சைட் என்னும் நச்சு வாயு வீட்டுக்குள் புகுந்துவிடலாம். நன்றாகத் தயார்செய்து நிறுத்திய வண்டியை வசந்தம் வரை இயக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

அந்தத் தயாரிப்பில் அதிகக் கவனம் வேண்டியது பெற்றோல். இங்கே விற்கப்படும் சாதாரணப் பெற்றோலில் பொதுவாக 10 சதவீதம் அளவுக்கு எதனோல் கலந்திருக்கும். எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. அத்தகைய பெற்றோல் ஏறக்குறைய 0.5 சதவீத நீரைத் தன்னோடு கலந்து வைத்திருக்கும். வெப்பநிலை குறையக் குறைய அந்தக் கொள்ளளவும் குறைவதால், எல்லையைத் தாண்டிய நீர் எதனோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தாங்கியின் அடியில் தனிப் படலமாகத் தங்கிவிடும். இன்னொரு பக்கம், பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி சில மாதங்களில் குறைந்துபோக, எஞ்சியது பிசினாக மாறி, பெற்றோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்பரேற்றரின் நுண்துளைகளை அடைக்கிறது. ஆகவே பெற்றோலைப் பாதித் தாங்கியில் அப்படியே விட்டுவைப்பது தவறு. உருக்குத் தாங்கியை முற்றிலும் வெறுமையாக்கி வைப்பதும் தவறுதான். காற்றுப்படும் உட்சுவரில் ஈரம் படிந்து துரு பிடிக்கும்.

இதற்கான வழி எளிது. பருவத்தின் கடைசி ஓட்டத்தில் எரிபொருள் நிலையத்துக்குச் சென்று, பெற்றோலைக் கெடாமல் காக்கும் திரவத்தைப் போத்தலில் குறித்துள்ள அளவுப்படி முதலில் ஊற்றி, அதன்மேல் தாங்கியை, விரிவடைவதற்குச் சிறிது இடம் விட்டு, நிரப்ப வேண்டும். வீடு திரும்பும் பயணத்திலேயே அது நன்றாகக் கலந்து, எரிபொருள் குழாய்கள் முழுவதும் பரவிவிடும். பலர் வண்டியைக் கராஜில் நிறுத்திய பிறகு இதை ஊற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்போது தாங்கியில் இருப்பது மட்டுமே காக்கப்படும், கார்பரேற்றரில் நிற்பது பழைய பெற்றோலாகவே இருக்கும். கார்பரேற்றர் உள்ள பழைய வண்டியானால், பெற்றோல் குழாயின் திறப்பை மூடிவிட்டு, கார்பரேற்றரின் அடிக்கிண்ணத்தில் தேங்கியிருப்பதையும் வடித்துவிடுவது இன்னும் பாதுகாப்பானது.

அந்தப் பயணம் முடிந்து என்ஜின் சூடாக இருக்கும்போதே எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிவிட வேண்டும். பழைய எண்ணெயில் எரிதலின்போது உண்டான அமிலங்களும் ஈரமும் கலந்திருக்கும். பணத்தை மிச்சப்படுத்துவதற்காக வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள், அந்த அமிலத்தில் உட்பாகங்களை நான்கு மாதம் ஊறவிடுகிறார்கள்.

பற்றரியைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை இன்னும் நிலவுகிறது: கொங்கிரீற் தரையில் வைத்தால் அதன் மின் இறங்கிவிடும் என்பது. பிளாஸ்ரிக் உறையுள்ள இக்காலப் பற்றரிகளுக்கு அது பொருந்தாது. அவற்றைக் கெடுப்பது, மின் குறைந்த நிலையில் குளிரில் விடப்படுவதுதான். முழுமையாக மின்னேற்றிய ஈய அமிலப் பற்றரி மறை 60 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும்வரை உறையாது. மின் தீர்ந்த பற்றரியோ மறை 10 பாகைக்கு முன்பே உறைந்து, உறை வெடித்துவிடக்கூடும். கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும், வண்டி நிற்கும்போதும் சிறிது சிறிதாக மின்னை எடுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், ஒக்டோபரில் நிறைந்திருந்த பற்றரி ஜனவரியின் கடுங்குளிரில் வெறுமையாகிவிடுவது சாதாரணம். அதைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, மின் நிறைந்ததும் தானாகவே குறைத்துக்கொள்ளும் பராமரிப்புச் சார்ஜரில் இணைத்துவிடுங்கள். தொடர்ந்து மின்னை ஏற்றிக்கொண்டே இருக்கும் பழைய சார்ஜர்களை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் பற்றரியின் திரவம் வற்றிவிடும். லிதியம் பற்றரிக்கு அதற்கென்றே அமைந்த சார்ஜர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே உள்ள குளிரில் அதற்கு மின்னேற்றவே கூடாது. கழற்றும்போது மறை முனையை முதலிலும், திரும்பப் பொருத்தும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும்.

அடுக்குமாடிகளில் வாழ்பவர்களுக்கு நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் மின் இணைப்பு கிடைப்பது அரிதென்பதால், பற்றரியைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே குளிர் குறைவு என்பது நன்மைதான். ஆனால் பக்கத்தில் நிற்கும் கார்கள் வெளியிலிருந்து உப்புக் கலந்த பனிச்சேற்றைக் கொண்டுவந்து உருகவிடுவதால் காற்றில் ஈரமும் உப்பும் மிகுந்திருக்கும். வீதியிலும் அப்படித்தான், முதல் பனி விழுவதற்கு முன்பே உப்புநீர் தெளிக்கப்படுவதால், நவம்பரில் வெயில் கண்டு ஒருமுறை ஓடிவிட்டு வந்த வண்டியின் அடிப்பகுதியிலும் உப்பு ஒட்டியிருக்கும். அதைக் கழுவாமல் நிறுத்துவதும், கழுவிய ஈரம் உலருமுன் போர்த்திவிடுவதும் ஒரேயளவு கெடுதி. கழுவி உலர்த்திய பிறகு செயினைச் சுத்தம் செய்து எண்ணெயிட வேண்டும். துருவைத் தடுக்கும் தெளிப்பானை உலோகப் பாகங்களில் அடிக்கும்போது அது பிரேக் வட்டிலும் ரயரிலும் படாமல் மறைத்துக்கொள்வது உயிர்காக்கும் விடயம்.

மேலே போர்த்துவதற்குப் பொலித்தீன் விரிப்பைப் பயன்படுத்தினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் திரும்பத் திரும்ப உலோகத்தின்மேல் படியும். காற்றை விடும் துணியுறையே ஏற்றது. சுண்டெலிகள் கதகதப்பான இடம் தேடி காற்று வடிகட்டிப் பெட்டிக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் கூடு கட்டும். பாத்திரம் தேய்க்கும் கம்பி உருண்டையால் அந்த வாய்களை அடைப்பவர்கள், வசந்தத்தில் இயக்குமுன் எடுத்துவிட மறக்காதபடி, எவற்றை அடைத்தோம் என்பதை ஒரு தாளில் எழுதி ஹாண்டிலில் கட்டிவைக்க வேண்டும்.

நீரால் குளிர்விக்கப்படும் என்ஜின்களுக்குரிய திரவத்தில் உறைவதைத் தடுக்கும் கிளைக்கோலும் நீரும் சரிபாதியாக இருந்தால் மறை 37 பாகை வரை தாங்கும். பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக வெறும் நீரை நிரப்பிக்கொண்டவர்கள் அதை மாற்ற மறந்தால், உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவடையும் நீர் என்ஜினையே பிளந்துவிடும். இங்குள்ள தவறுகளில் திருத்துவதற்கு மிக அதிகம் செலவாகும் தவறு இதுதான். ரயர்களைப் பொறுத்தவரை, வெப்பநிலை 10 பாகை குறைந்தால் காற்றழுத்தம் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ இறங்கும். கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்கு நிரப்பி, வண்டியை ஸ்ராண்டில் ஏற்றிச் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்திவைத்தால் ஒரே இடம் தட்டையாவதைத் தவிர்க்கலாம்.

வண்டிக்கு இவ்வளவும் செய்தவர்கள் உடுப்பை மறந்துவிடுகிறார்கள். கோடைமுழுதும் வியர்வை ஊறிய தோல் ஜக்கெற்றை நிலவறையில் பிளாஸ்ரிக் பைக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்; வெப்பமூட்டியின் அருகே தொங்கவிட்டால் உலர்ந்து வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, தோலுக்குரிய மென்பசையைத் தடவி, அகன்ற உடுப்புக் கொழுவியில் காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும். நீர்புகாத துணி ஜக்கெற்றைத் துவைக்கும்போது பாதுகாப்புத் தட்டுகளைக் கழற்றிவிடுவதோடு, துணி மென்மையாக்கும் திரவத்தையும் தவிர்க்க வேண்டும். அது நீரை விலக்கும் பூச்சைக் கெடுத்துவிடும். மின்சூடு தரும் கையுறைகளின் சிறு பற்றரிகளைப் பாதியளவு மின்னோடு வீட்டுக்குள் வைப்பது நல்லது.

தலைக்கவசத்தைக் கராஜில் வண்டியின் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகும் பழக்கத்தைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. பெற்றோலும் கரைப்பான்களும் அதன் வெளிக்கூட்டையும், அடி படும்போது நசுங்கித் தலையைக் காக்கும் உள்நுரையையும் பாதிக்கக்கூடியவை. கண்ணாடியின் முனையோ அந்த நுரையில் பள்ளம் விழச்செய்யும். உள்துணியைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பூவால் கழுவி, நிழலில் உலர்த்தி, கவசத்தைத் துணிப்பையில் இட்டு வீட்டு அலுமாரியில் வைத்துவிடுங்கள். அப்போதே உள்ளே ஒட்டியுள்ள உற்பத்தித் திகதியையும் பார்த்துக்கொள்ளலாம். தலைக்கவசங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஸ்னெல் அமைப்பு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுமாறு பரிந்துரைக்கிறது.